தெருவில் நின்ற பெருமாள் ஃபைல்

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நான் போகிற லினக்ஸ் வகுப்பில் இன்று முதல் ஸ்கிரிப்ட்: கம்ப்யூட்டருக்கான கட்டளைகளை வரிசையாக எழுதி மொத்தமாக ஓட்டுவது.

"ஸ்ரீரங்கத்துல ஒரு பிரகாரத்துக்குள்ள இன்னொரு பிரகாரம்னு ஏழு இருக்குல்ல? அதே மாதிரி ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர். ஏழாவதுக்குள்ள பெருமாள்னு ஒரு ஃபைல்," என்றார் சார்.

உவமை பிரமாதம். அதோடு சரக்கு தீர்ந்துவிட்டது.

ஸ்கிரிப்டை ஓட்டினார். ஏழு ஃபோல்டரும் ரேஷன் கடை வரிசை மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பெருமாள் ஃபைல் எல்லாவற்றுக்கும் வெளியே, அநாதையாக.

திருவானைக்காவலிலிருந்து படிக்க வருகிற கவிதா எழுந்தார். "சார், ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகலையே. பெருமாள் தெருவுல நிக்கிறாரு."

சார் அசரவில்லை. "அவரு உற்சவர்மா, புறப்பாடு வந்திருக்காரு. உங்களுக்கு பேசிக்கே வரல, உக்காருங்க."

வகுப்பே சிரித்தது. அதில் பாதிப் பேருக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்றே தெரியாது.

கவிதா உட்காரவில்லை. நேராக சாரின் கம்ப்யூட்டருக்குப் போய், ஸ்கிரிப்டில் ஒவ்வொரு ஃபோல்டரையும் உருவாக்கியதும் அதற்குள் நுழையச் சொல்லும் ஒரே ஒரு வரியைச் சேர்த்து, வேறொரு காலி ஃபோல்டரில் ஓட்டிக் காட்டினார். ஏழும் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கின. பெருமாளும் உள்ளே போய்விட்டார்.

சார் எங்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா, புறப்பாடு முடிஞ்சிருச்சு!"

கைதட்டினார்கள். கவிதாவுக்கு இல்லை, அவருக்கு.

அடுத்த வாரம் ஃபோல்டர்களை மொத்தமாக அழிக்கும் ஸ்கிரிப்டாம். ஸ்ரீரங்கத்துக்காரர்களே, கோயிலுக்கு யாராவது பேக்கப் எடுத்து வைத்திருக்கிறீர்களா?