கொடிக்கயிற்றில் ஓர் ஏரியல்

தினசரி காலண்டர் அட்டையில் தேதிக் கட்டு ஒட்டுகிற வேலையில் கை ரெண்டும் பசையோடு போய்விடும், காது மட்டும் சும்மா கிடக்கும். என்னை மாதிரி வீட்டிலேயே உட்கார்ந்து ஒட்டுகிற அக்கா தங்கச்சிகளுக்கு இது தெரியும். ரேடியோ இல்லாவிட்டால் நமக்குச் சீசன் ஓடாது.

மாரி கொண்டுவந்த சேதி

என் வீட்டுக்காரர் தூத்துக்குடியில் துறைமுக லாரி ஓட்டுகிறார். மாசத்துக்கு ஒருதரம் வந்தால் அதிகம். போன் பண்ணினால் "சாப்பிட்டியா? பாப்பா சாப்பிட்டாளா?" அம்புட்டுதான் பேச்சு. நான் இன்னும் ஏதாவது சொல்லுவார் என்று போனைக் காதிலேயே வைத்திருப்பேன்.

ஒருநாள் சிவகாசிக்கு லோடு எடுக்க வந்த அவருடைய கூட்டாளி மாரி, வாசலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னான்: "மைனி, அண்ணன் ஞாயித்துக்கிழமையானா அங்கன உள்ள எஃப்.எம்முக்குப் போன் போட்டு உங்களுக்குப் பாட்டுக் கேக்காரு. என்னா பேச்சுப் பேசுறாருங்கீக! பக்கத்துல நிக்குற எங்களுக்கே வெக்கமா இருக்கு."

மொட்டைமாடிக்குத் தடை

அந்த ஸ்டேசன் எங்கள் வீட்டில் எடுக்காது. வெறும் இரைச்சல்தான். சின்ன ஸ்டேசன், போனிலும் வராது. எனக்கோ அவர் குரலைக் கேட்காமல் சோறு இறங்கவில்லை. மாடியில் ஏரியல் கம்பி கட்டலாமா என்று வீட்டு ஓனரம்மாவிடம் கேட்டேன். சுவரில் ஆணி அடித்தாலே அந்தம்மாவுக்கு நெஞ்சு வலிக்கும்.

"ஏட்டி, பக்கத்துல வெடி குடோனை வச்சுக்கிட்டு மாடில கம்பி கட்டுவியா? இடி இறங்குச்சுன்னா வாற வருசக் காலண்டர்ல நம்ம படந்தான் வரும்!"

சாமி படங்களின் வேலை

கரண்ட் சாமான் கடைக்காரர் வழி சொன்னார். ரெட்டை ஒயரின் ஒரு நுனியை ரெண்டரை அடிக்குப் பிளந்து, ரெண்டு கை நீட்டின மாதிரி விரிக்கணும். இன்னொரு நுனியில் ஒரு கம்பியை ரேடியோவின் ஏரியலில் சுற்றணும், மற்றதைப் பேட்டரியின் ஸ்பிரிங்கில் செருகணும். விரித்த கை தூத்துக்குடிப் பக்கத்துக்குக் குறுக்கே இருக்கணும்.

ஓனரம்மா கண்ணில் படாமல் தெற்குச் சுவரில் டேப் போட்டு ஒட்டினேன். பாட்டு லேசாகக் கேட்டது. அதோடு விட்டேனா? கம்பெனியில் கழித்துப்போட்ட தங்கத்தாள் பதித்த சாமி படங்களை வரிசையாக ஒயர் மேல் ஒட்டி மறைத்தேன். வீடு கோயில் மாதிரி ஆனது, ரேடியோ ஊமையானது. பக்கத்து வீட்டு செல்வியக்கா பார்த்துவிட்டுச் சிரித்தாள்: "எல்லாச் சாமியும் சேந்து நீ கேக்க வேண்டிய பாட்டையெல்லாம் அங்கனயே கேட்டு முடிச்சிருதுக, ஏட்டி!"

அந்த ஞாயிற்றுக்கிழமை

மினுக்குத் தாள்தான் மறிக்கிறது என்று புரிந்ததும் படங்களை உரித்தேன். ஒயரைத் துணி போடும் கொடிக்கயிற்றோடு சேர்த்து முறுக்கி, மேலே ரெண்டு சேலையைத் தொங்கவிட்டேன். செல்வியக்காவும் நானும் பசையும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது, திடுதிப்பென்று அவர் குரல், அவ்வளவு தெளிவாக. பாப்பா எழுந்து ரேடியோவுக்குப் பின்னால் போய்த் தேடினாள்.

"வீட்ல கேட்டுட்டு இருப்பாங்களா?" என்று ரேடியோவில் நிகழ்ச்சி நடத்துகிற பெண் கேட்டாள்.

"கேக்க மாட்டா மேடம். எங்க வீட்ல உங்க ஸ்டேசன் எடுக்காது. அந்தத் தைரியத்துலதான் பேசுறேன். லாரில தனியாப் போறப்ப, பக்கத்து சீட்ல அவ இருக்கான்னு நெனச்சு ஊர்க்கதையெல்லாம் பேசிக்கிட்டே ஓட்டுவேன். நேர்ல பாத்தா ஒரு வார்த்தை வர மாட்டேங்கு."

கையில் இருந்த தேதிக் கட்டைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். பாட்டு முடிவதற்குள் போனை எடுத்தேன். செல்வியக்கா பசைக் கையோடு அதைப் பிடுங்கிக்கொண்டாள்:

"கேட்டேன்னு மட்டும் சொல்லிப்பிடாத. சொன்னேன்னா அடுத்த வாரம் அங்கனயும் 'சாப்பிட்டியா'ன்னுதான் கேப்பாரு!"

கிட்டே வந்தால் வாய் திறக்காத மனுசனைக் கட்டிக்கொண்ட அக்கா தங்கச்சிகளே, ஒயரை நன்றாக விரித்துக் கட்டுங்கள், அவர் லீவுக்கு வருகிற அன்றைக்கு மட்டும் மறக்காமல் சுருட்டி அரிசிப் பானைக்குள் போட்டுவிடுங்கள்.