புட்டு மாயம் அக்காவின் எக்ஸோஸ்

மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றுதான், பவர். அந்தப் பவரை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால்தான் முழிப்பார்கள்.

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் பட்டறை வைத்திருக்கிறேன். எக்ஸோஸ் என்கிற புகைக்குழாயை மாற்றுவது, கார்புரேட்டர் ஜெட் மாற்றுவது, பிஸ்டனைப் பெரிதாக்குவது என்று எஞ்சினுக்குத் தெம்பு ஏற்றும் வேலைதான் அதிகம். எனக்கு ஒரு கெட்ட பழக்கம். இது எதற்கு என்று தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரைத் தொட மனம் வராது. துருவித் துருவிக் கேட்பேன். பாதிப் பேர் எரிச்சலாகி அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். நீங்களும் ஏதோ ஒரு கடை வைத்து, வாடிக்கையாளர் கேட்டதை ஒழுங்காகச் செய்து கொடுத்து, அதற்காகவே வாங்கிக் கட்டிக்கொண்டவராக இருந்தால் நாம் இருவரும் ஒரே தோட்ட லயத்து வீட்டுக்காரர்கள். தயங்காமல் மேலே படியுங்கள்.

வேகம் குறைந்த பிரகாஷ்

பிரகாஷ் பிஸ்கட் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பத்து காஜா ஊருக்குப் போகும் சாலையில், பழைய ரப்பர் தோட்டத்தை வெட்டிக் கட்டிய தாமான் குடியிருப்பில் வீடு. கப்சாய் என்று நாங்கள் சொல்லும் தன் சின்ன மோட்டாருக்கு எங்கேயோ வாங்கிய ஒரு தடிமனான எக்ஸோஸைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே பார்த்தால் தடுப்பு எதுவும் இல்லை, வெறும் குழாய். சின்ன எஞ்சினுக்கு இவ்வளவு அகலமான குழாயை மாட்டினால் புகை வெளியேறும் வேகம் குறைந்து இழுவை போய்விடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்கவில்லை. மாட்டிக் கொடுத்தேன்.

சொன்னபடியே ஆயிற்று. முன்பு நாலாவது கியரில் ஏறிய பாலத்தில் இப்போது மூன்றாவதுக்கு இறங்க வேண்டியிருந்தது. சத்தம் மட்டும் விமானம் இறங்குகிற மாதிரி. பழையதையே மாட்டிவிடவா என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே அவன் மனதில் என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னான்: "மெதுவா போனா பரவால்லலா அண்ணே. கேக்குறவனுக்கு வேகமா போற மாதிரி இருக்குல்ல, அது போதும்."

நடந்து ஏறிய மேடு

நிஜமாகவே பவர் தேவைப்பட்டு வந்தவர் ஒருவர்தான். அவர் புட்டு மாயம் அக்கா. மாலையில் இடியப்பம், தேங்காய்ப்பூ, சிவப்புச் சீனி எல்லாவற்றையும் கூடையில் அடுக்கி, பழைய கப்சாயின் பின்னால் கட்டி, தாமான் தாமானாக விற்பவர். எங்கள் ஊரில் இடியப்பத்துக்குப் புட்டு மாயம் என்று பெயர், அதை விற்றதால் அவருக்கும் அதுவே பெயர். அவருடைய வியாபாரமே பிரகாஷ் குடியிருக்கும் அந்த மேட்டுத் தாமானில்தான். கூடை நிறைய ஏற்றினால் மோட்டார் பாதி மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. அரைக்கூடை ஏற்றினால் மேலே இருக்கும் வீடுகளுக்குப் பற்றுவதில்லை. விற்றால்தான் அடுத்த நாள் மாவு. "தோட்டமா இருந்தப்ப அந்த மேட்டுலதான் தம்பி நான் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தேன். நான் நடந்து ஏறிட்டேன், இது ஏற மாட்டேங்குது" என்றார்.

எதற்கு என்று தெரிந்துவிட்டதால் கை நமநமவென்றது. துருப்பிடித்து ஓட்டையான எக்ஸோஸைக் கழற்றி எறிந்தேன். எஞ்சினுக்கு அளவான குழாயோடு புதியது ஒன்றைப் பக்கத்துக் கடை வெல்டர் ஆ மெங்கிடம் சொல்லிச் செய்து வாங்கினேன். சத்தம் வெளியே தெரியாத அடக்கமான எக்ஸோஸ். பிஸ்டன் கொஞ்சம் பெரிது, ஜெட்டும் அதற்கேற்ப. பின் சக்கரத்துப் பல்லையும் மேட்டுக்குத் தோதாகக் கூட்டினேன். கடைசியில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை நல்ல டீ நிறத்தில் இருந்தது. எங்கள் தொழிலில் அதைவிட அழகான நிறம் கிடையாது. முழுக்கூடையோடு மேடு ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த அக்காவின் முகத்தில் பயமும் சிரிப்பும் கலந்து கிடந்தது. "என்னா தம்பி பண்ணி வச்சிருக்க? நான் ஓட்டலலா, அதுதான் என்னைய இழுத்துக்கிட்டு ஓடுது!"

எங்கள் பட்டறையில் தினமும் விருந்து

அடுத்த வாரம் அக்கா பொழுது சாயும் நேரத்தில் வந்து, கூடையைத் திறந்து, "சாப்புடுங்க" என்றார். நானும் ஆ மெங்கும் மகிழ்ச்சியாகச் சாப்பிட்டோம். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். விற்காமல் மிஞ்சிய இடியப்பம் மறுநாளைக்குத் தாங்காது, எறிய மனமில்லாமல் எங்களுக்குத் தருகிறார் என்பது மண்டையில் ஏறவே எனக்குச் சில நாள் பிடித்தது. ஆ மெங் புந்தோங்கில் பிறந்து வளர்ந்த சீனன், தமிழில் திட்டக்கூடத் தெரிந்தவன். அவனுக்கு முன்னாலேயே புரிந்திருக்கிறது. "மாச்சா, ஃப்ரீயா சாப்புடுறது நல்லா இருக்கு. ஆனா இந்த அக்கா முகத்தைப் பார்த்தா இறங்க மாட்டேங்குதே" என்றான்.

எஞ்சினில் கோளாறோ என்று நான் பதறிப்போய்த் தேடினேன். எல்லாம் கச்சிதம். மேடு ஏறுகிறதா? ஏறுகிறது. இடியப்பம் பழைய பக்குவமா? நாங்கள்தான் தினமும் தின்கிறோமே, அருமை. பிறகு ஏன் விற்கவில்லை? இப்படியே போனால் மாவு வாங்கவும் வழியிருக்காது என்று அவர் சொல்லாமலே தெரிந்தது. எனக்கு வருத்தம் பாதி, ஆர்வம் பாதி. மாறியது மோட்டார் ஒன்றுதான், அது நான் செய்த வேலை. அக்கா கூடையை மூடிக்கொண்டே சொன்னார்: "மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல தம்பி. சனங்கதான் வெளிய வரல."

பின்னாலேயே போனேன்

மறுநாள் கடையை ஆ மெங்கிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அக்காவின் பின்னால் என் மோட்டாரில் போனேன். மேட்டை வெண்ணெய் மாதிரி ஏறினார். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் வேகம் குறைத்து ரப்பர் ஹார்னை அமுக்கினார். பாம் பாம். ஒரு கேட்டும் திறக்கவில்லை. சற்று நேரத்தில் ரொட்டிக்காரர் வந்தார், அவருக்கும் அதே பாம் பாம். ஐஸ்கிரீம்காரருக்கும் அதே. எல்லாரும் ஒரே கடையில் வாங்கிய ஹார்ன்.

ஒரு வீட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "அய்யோ அக்கா, நல்லாத்தான் இருக்கீங்களா? ஆளையே காணோம், என்னமோ ஆயிப்போச்சுன்னு பேசிக்கிட்டோம்." விசாரிக்கக் கூடாதா என்று நான் கேட்டேன். யாரிடம் போய் விசாரிப்பது, வீடும் தெரியாது, பேரும் தெரியாது என்றார். மேட்டின் உச்சியில் மிஸ்டர் நடராஜா செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பணி ஓய்வு பெற்ற நில அளவையாளர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், தாமான் குடியிருப்பாளர் சங்கத் தலைவர். சத்தம் போடும் எக்ஸோஸ்களின் பரம விரோதி. பிரகாஷின் பெயரைக் கேட்டாலே முகம் சிவந்துவிடும். அக்காவைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயை அப்படியே கீழே போட்டுவிட்டார். "நீங்களே! நான் ரொட்டிக்காரன் எண்டெல்லோ இருந்திட்டன். உங்கட மோட்டார் படார் எண்டு வெடிச்சாத்தான் நான் தட்டை எடுக்கிறனான்!"

நான் ரிப்பேர் என்று நினைத்துத் தீர்த்துவைத்தது அக்காவுடைய விளம்பரத்தை. இறங்கி வரும்போது நிழலில் நிறுத்தி, நானும் இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன். "உங்க பேரு என்னாக்கா?" நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. "சரோஜா. எத்தனை வருசமா இந்த மேட்டுல சுத்துறேன் தம்பி. மோட்டாரைத்தான் தெரிஞ்சு வச்சிருக்காங்க, என்னைய இல்ல."

கெடுத்துக் கொடுக்கும் வேலை

பழைய எக்ஸோஸைத் திரும்ப மாட்டிவிடலாம் என்று பார்த்தால், அது எப்போதோ பழைய இரும்பு லாரியில் ஏறிப் போய்விட்டது. அந்தச் சத்தத்தைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். பவரைக் கூட்டத் தெரியும், சத்தத்தைக் குறைக்கத் தெரியும். ஒரு குறிப்பிட்ட கோளாறை அச்சு அசலாக உண்டாக்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆ மெங் பழைய எக்ஸோஸ்களில் துளை போட்டுக் கொண்டுவந்து குவித்தான். சத்தம் சரியா என்று சொல்ல மிஸ்டர் நடராஜாவே சனிக்கிழமை காரில் வந்து இறங்கினார். எண்ணெய் பட்டுவிடாமல் நாற்காலியில் செய்தித்தாள் விரித்து, உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். நான் ஒவ்வொன்றாக அக்காவின் மோட்டாரில் மாட்டி ஆக்சிலேட்டரை முறுக்கினேன்.

"இல்லை." அடுத்தது. "இல்லை, இது குரைக்குது. அவவின்ர மோட்டார் இருமுறது." அடுத்தது. "தம்பி, நீர் முறுக்கி முறுக்கிக் காட்டுறீர். முறுக்கேக்க வாற சத்தமில்லை அது, கையை விடேக்க வாறது." அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எஞ்சினும் எக்ஸோஸ் குழாயும் சேரும் இடத்தில் ஒரு வளையம் இருக்கும், கேஸ்கெட். அக்காவுடையது தேய்ந்து கிடந்ததை நான்தான் மாற்றினேன். கையை விட்டதும் அந்த இடுக்கில் வெளிக்காற்று புகுந்து, எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் சூடான குழாய்க்குள் வெடித்திருக்கிறது. அவரோ வீட்டுக்கு வீடு கையை விடுகிறவர். வீட்டுக்கு வீடு ஒரு படார். அடக்கமான எக்ஸோஸையே திரும்ப மாட்டி, புதுக் கேஸ்கெட்டின் ஓரத்தை அரத்தால் கொஞ்சம் ராவினேன். போதவில்லை. இன்னும் கொஞ்சம். முறுக்கிவிட்டுக் கையை எடுத்தேன். படார்! பெரியவர் கண்ணைத் திறந்து, கையிலே தட்டு இல்லையே என்பதுபோல் ஒரு கணம் கீழே பார்த்தார். பிறகு கேட்டார், "அவவின்ர பேர் என்ன?" சொன்னேன்.

செயின் இறுக்க வந்து ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பிரகாஷுக்குப் பொறுக்கவில்லை. "அங்கிள், இது என்னா நியாயம்? என் எக்ஸோஸுக்கு மட்டும் சங்கக் கூட்டத்துல எழுந்து கத்துனீங்க!" மிஸ்டர் நடராஜா நிதானமாகச் செய்தித்தாளை மடித்தார். "தம்பி, நீர் போறதுக்குச் சத்தம் போடுறீர். அவ வாறதுக்குப் போடுறா."

முழுக்கூடை

திங்கட்கிழமை அக்கா முழுக்கூடை ஏற்றினார். அரைக்கூடை போதுமே என்று சொல்லிப் பார்த்தேன், காதில் வாங்கவில்லை. மிஞ்சினால் மறுநாள் மாவுக்குக் கையில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். என் மோட்டாரில் பின்னாலேயே போனேன். முதல் வரிசை வீடுகள் முன்னால் ஒரு சத்தமும் இல்லை, ஒரு கேட்டும் திறக்கவில்லை. அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகுதான் கவனித்தேன். புது எஞ்சினின் வேகத்துக்குப் பயந்து கையை மெல்ல மெல்ல விடுகிறார். "சட்டுனு விடுங்கக்கா!" என்று கத்தினேன். இரண்டாவது வரிசையில் ஒரு முறுக்கு முறுக்கிச் சட்டென்று விட்டார். படார்.

ஒரு கேட் கிறீச்சிட்டது. பிறகு இன்னொன்று. துணி எடுத்த அந்தப் பெண் தட்டோடு வந்தார், அவர் பிள்ளைகள் அவருக்கு முன்னால் வந்தார்கள். முதல் வரிசைக்காரர்கள் கீழேயிருந்து கையைத் தட்டிக்கொண்டு ஏறி வந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கார்புரேட்டரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். உச்சிக்குப் போகையில் கூடையின் அடி தெரிந்தது. மிஸ்டர் நடராஜா வீட்டு முன்னாலும் அக்கா படார் போட்டுக் காத்திருந்தார், ஆளைக் காணோம். சரி என்று கிளம்பிவிட்டார். அப்போதுதான் பெரியவர் குளியலறையிலிருந்து ஈரத்தலையும் துண்டுமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "சரோஜா! சரோஜா! நில்லுங்கோ!"

அக்கா நிற்கவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் நேராகப் போய்க்கொண்டே இருந்தார். நான் முந்திப் போய்க் குறுக்கே நிறுத்தி, பின்னால் கையைக் காட்டினேன். திரும்பிப் பார்த்தார். தெருவில் நனைந்த பனியனோடு நின்று பெரியவர் இன்னொரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அக்கா என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்: "என்னையா தம்பி கூப்புடுறாங்க?"

இத்தனை காலம் எஞ்சின்களுக்குப் பவர் ஏற்றிப் பிழைத்தவன் நான், ஆனாலும் யாராவது என் கைவேலையைக் காட்டு என்று கேட்டால் இப்போது காட்டுவதற்கு இருப்பது வேண்டுமென்றே பாழாக்கிய ஒரு கேஸ்கெட்தான்.