சர்வர் வச்சிருப்பான்

எங்கள் கம்பெனி மெயில் முதன்முதலாக எல்லோருடைய செல்போனிலும் வந்து விழுந்த காலையில், டாக்குமென்ட் அக்கா தன் போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அலுவலகத்தின் நடுவில் நின்ற நிலை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. போன் விடாமல் மணி அடித்துக்கொண்டிருந்தது. எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் அனுப்பிய பழைய மெயில்கள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து இறங்கின. "ஏட்டி, இது நிக்கவே மாட்டேங்குதே. ஆரு இத அனுப்பிக்கிட்டே இருக்கது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். "சர்வர்தான் அக்கா அனுப்புது" என்றேன். எனக்கும் அதற்கு மேல் தெரியாது. அக்கா சற்று யோசித்தாள். அப்புறம் முகம் தெளிந்தது. "ஓட்டல் சர்வர் மாதிரிண்ணு சொல்லு. நாம இருக்கப்பட்ட எடத்துக்குக் கொண்டு வந்து வச்சிட்டுப் போவான். செரி செரி" என்று சொல்லிவிட்டுத் தன் இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில், பெரிய ரோட்டை ஒட்டி எங்கள் முந்திரிப்பருப்பு ஏற்றுமதிக் கம்பெனி இருந்தது. பின்னால் தகர ஷெட்டில் பெண்கள் பருப்பு உடைப்பார்கள், தோல் உரிப்பார்கள். முன்னால் எங்கள் அலுவலகம். கப்பலில் போகும் சரக்குக்கான காகிதங்களை எல்லாம் பார்த்தவள் அக்கா. அதனால்தான் அந்தப் பெயர். அவள் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஒரு எழுத்துப் பிசகினாலும் சரக்கு துறைமுகத்தில் கிடந்து காய வேண்டியதுதான் என்பதால், எதையும் நன்றாகப் புரிந்துகொள்ளாமல் கை வைக்க மாட்டாள். போன் சமாச்சாரத்தையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். புரியாத சொல் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று பிடிவாதம். அந்தப் பிடிவாதமே அவளுக்கு வினையாகும் என்று யார் கண்டது?

அவள் எல்லாச் சொல்லையும் ஓட்டலுக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டாள். இன்பாக்ஸ் என்பது இலை. கேட்காமலே வந்து சாம்பாரை ஊற்றிவிட்டுப் போகிற சர்வர்தான் புஷ் மெயில். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்ட பிறகு வருகிறவன் ஃபெட்ச். சிங்க் என்றால், கம்ப்யூட்டர் இலையிலும் போன் இலையிலும் ஒரே கறி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது. ஸ்பேம், ஊசிப்போனது. அட்டாச்மென்டுக்கு அவள் வைத்த பெயர் தொடுகறி. மெயிலோடு இன்வாய்ஸ் வராமல் போனால், "சோறு வந்தாச்சு, தொடுகறியக் காணோம்" என்று உரக்கச் சொல்வாள். கொஞ்ச நாளில் முதலாளியே, "அந்தத் தொடுகறிய எனக்கும் ஒண்ணு அனுப்பும்மா" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். நாங்கள் சிரித்தோம். ஆனால் யோசித்துப் பார்த்தால், அவள் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. புஷ்ஷுக்கும் ஃபெட்ச்சுக்கும் உள்ள வித்தியாசத்தை இன்றைக்கும் நான் அந்தச் சாம்பாரை வைத்துத்தான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அக்காவின் வீட்டுக்காரர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். கல்யாணத்துக்கு எடுத்த லீவு முடிந்ததும் போனவர். லீவுக்கு வருவார், மாப்பிள்ளைக் கோலத்தில் நான்கு வீட்டுக்கு விருந்துக்குப் போவார், அதற்குள் டிக்கெட் தேதி வந்துவிடும். பிள்ளைகள் இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் இது அதிசயமும் இல்லை. அவர்கள் குடும்பம் நடத்தியதே போனில்தான். சண்டை, சமாதானம், வீட்டுக்கு என்ன பெயின்ட் அடிப்பது, சர்ச்சில் யார் என்ன சொன்னார்கள், எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். மத்தியானம் சாப்பிடும்போது அக்கா போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்து, அவர் பேசி அனுப்பியதைச் சத்தமாகவே போடுவாள். எங்களுக்கு முன்னால் ஒளிக்க அதில் ஒன்றும் இருக்காது. சாப்பிட்டியா, சாயா குடிச்சியா, கால் வலி எப்படி இருக்கு. அவ்வளவுதான். நான் கேலி செய்வேன். "இதச் சொல்லவா அக்கா அண்ணன் இம்புட்டு நெட்டச் செலவு பண்ணுகாவ?" அவள் வெட்கப்பட்டுக்கொண்டே இன்னொரு முறை போடுவாள்.

ஒரு ஜூன் மாதம், இடவப்பாதி மழை நாளில் அவர் அனுப்பியது மறக்கவே மறக்காது. "பிள்ளே, இங்க சூடு தாங்க முடியல்ல கேட்டியா. அங்க நல்ல மழையாமே. அந்தச் சத்தத்த ஒருக்கா புடிச்சு அனுப்பித் தா." அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்து, எச்சில் கையோடு பின்பக்கத் தகர ஷெட்டுக்கு ஓடினாள். இடது கையால் போனைக் கூரையைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தாள். தோல் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள். ஷெட்டில் மழை இரைந்தது. நாங்கள் கைகழுவித் திரும்புவதற்குள் பதில் வந்துவிட்டது. "மழை கிட்டிச்சு பிள்ளே." அவ்வளவுதான். கிடைத்தது என்பதற்கு எங்கள் மேற்குப் பக்கத்தில் கிட்டிச்சு என்போம். அந்தக் கிட்டிச்சுவை அவர் இழுத்துச் சொல்லியிருந்தார். அன்று முழுவதும் அக்கா காகிதங்களில் முத்திரை வைக்கும்போதெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறு வருடம் அவர் வேலை செய்த இடத்திலேயே சரிந்து விழுந்து இறந்துபோனார். பெட்டி திருவனந்தபுரத்துக்கு விமானத்தில் வந்தது. கூட வந்த சாமான்களில் சட்டைகள் இருந்தன, வாட்ச் இருந்தது, அக்காவுக்கென்று வாங்கி வைத்திருந்த சென்ட் இருந்தது. அவருடைய போன் இல்லை. கேட்டுப் பார்த்தார்கள். அங்கிருந்து பதில் இல்லை.

துக்கம் முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பினாள். மத்தியானம் போன் அதே பாட்டிலில்தான் சாய்ந்திருந்தது. ஆனால் இப்போது காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு, சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். சில நேரம் அவள் உதடு மட்டும் அசையும். எதைக் கேட்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும் என்பதால் யாரும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டோம். அவளுக்கென்று அந்த மனிதர் மீதி இருந்தது அந்தப் போனுக்குள் மட்டும்தான். கல்யாணப் படத்தில் இருந்தவரோடு அவள் வாழ்ந்த நாட்கள் கொஞ்சம். காதுக்குள் பேசியவரோடுதான் அவள் வாழ்ந்திருந்தாள். பேக்கப் எடுக்கவா என்று போன் அடிக்கடி கேட்கும். அக்கா 'பிறகு' என்பதை அமுக்கிவிடுவாள். ஒருநாள் கேட்டதற்கு, "எதுக்குட்டி தனியா ஒண்ணு? எல்லாத்தையும் சர்வர் வச்சிருப்பான்" என்றாள். மெயிலுக்குத்தான் சர்வர், குரலுக்கு இல்லை என்கிற கணக்கு அன்று அந்த அறையில் யாருக்குத் தெரியும்?

ஒருநாள் காலை பஸ்ஸில் கூட்டம். இறங்கி அலுவலகத்துக்குள் வந்து கைப்பையைத் திறந்த பிறகுதான் போன் இல்லை என்று தெரிந்தது. அடித்துப் பார்த்தோம். மணி போனது, எடுக்க ஆள் இல்லை. அக்கா கைப்பையை மேசைமேல் கவிழ்த்துத் தேடினாள். முதலாளிக்கு வேறு பயம். பையர்களுக்குக் கொடுத்த விலை எல்லாம் அந்த மெயிலில் இருந்தது. எங்கள் மெயிலைத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பையன் கவனித்துக்கொண்டிருந்தான். மெயில் போட்ட போன்களும் அங்கிருந்தே அவன் கட்டுப்பாட்டில் இருந்தன. முதலாளி அவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, ரிசீவரை அக்காவிடம் கொடுத்தார்.

நான் பக்கத்து மேசையில் இன்வாய்ஸ் அடித்துக்கொண்டிருந்தேன். அக்கா பேசியது மட்டும் காதில் விழுந்தது. "ஆமா தம்பி. அதுலதான் எனக்க எல்லாமே இருக்கு. வேற ஆரு கையிலயும் போயிரக் கூடாது. வைப்பா? ஆமா, வைங்க. வைங்க தம்பி, இப்பவே வைங்க." பேச்சு முடிந்துவிட்டது, போனை வைக்கச் சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். எங்கள் ஊரில் எல்லோரும் போன் பேச்சை அப்படித்தானே முடிக்கிறோம்? ரிசீவரைக் கீழே வைத்தபோது அக்காவுக்கு உயிர் வந்திருந்தது. "ரிமோட் வைப்புண்ணு ஒண்ணு உண்டாம்ட்டி. போன் எங்க கெடந்தாலும், அவன் அங்க இருந்தே எடுத்துப் பத்திரமா வச்சிருவானாம்" என்றாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. பேங்கில் வைப்பு நிதி என்று போர்டு போட்டிருக்கிறார்களே, அதே வைப்பு என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பையன் கேட்க வேண்டியதை முறையாகத்தான் கேட்டிருந்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் இங்கிலீஷில் ஒரு சொல்லைச் சொன்னான், அது எங்கள் காதுக்கு வரும் வழியில் தமிழாகிவிட்டது.

சாயங்காலம் அந்த பஸ்ஸின் கண்டக்டரே எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். போன் கவரில் கம்பெனி அடையாள அட்டை இருந்திருக்கிறது. சீட்டுக்கு அடியில் கிடந்ததாம். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஷெட்டுக்கு ஓடி ஒரு பொட்டலம் பருப்பு கொண்டுவந்து அவர் பையில் திணித்தாள். பஸ் புறப்பட்டதும் போனைப் பார்த்தாள். திரையில் 'வணக்கம்' என்று இருந்தது. மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. தமிழைத் தொட்டாள். உங்கள் பெயர் என்ன என்று கேட்டது. "ஏட்டி, இது எனக்க போன் இல்லியோ? புதுசு மாதிரி கேள்வி கேக்குது" என்று திருப்பிப் பார்த்தாள். பின்பக்கக் கீறல் அவள் போட்டதுதான்.

இந்த முறை நான்தான் அந்தப் பையனைக் கூப்பிட்டேன். அவன் தணிந்த குரலில் சொன்னான். "வைப் செய்தா பின்ன ஒண்ணும் கிட்டாது சேச்சி." அந்த இங்கிலீஷ் சொல்லுக்கு அர்த்தமும் சொன்னான். என் கையில் ரிசீவர் இருந்தது. அக்கா என் முகத்துக்கு எதிரே நின்றாள். "வச்சத எடுத்துத் தரச் சொல்லு மக்கா. இப்பமே வேண்டாம். மெல்லத் தரட்டும். எங்க வச்சிருக்கான்னு மட்டும் ஒருக்கா கேளு" என்றாள். அவளிடம் அதைச் சொல்ல அந்த அறையில் என்னைத் தவிர ஆள் இல்லை. "வைப்புண்ணா வைக்கது இல்ல அக்கா. தொடச்சு அழிக்கது." அவள் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "அழிக்கதுக்குப் போயி வைப்புண்ணா பேரு வச்சிருக்கானுவ?" என்று கேட்டாள். அந்தச் சொல்லை உண்டாக்கியவன் எந்த நாட்டில் இருந்தாலும் அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் எனக்கு ஆத்திரம் வந்தது. இன்னும் அது தீரவில்லை.

அடுத்த வாரம் சாப்பிடும்போது அக்கா என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நீ கேட்டிருக்கியேட்டி. அந்த மழைக்கு அவிய என்ன சொன்னாவ? சொல்லு." நான் சொன்னேன். அவள் தலையசைத்தாள். "அப்பிடி இல்ல. கிட்டிச்சுண்ணு கொஞ்சம் இழுக்கணும். கடைசில ஒரு சிரிப்பு வரும்." மறுபடி சொன்னேன். "சிரிப்பு கூடிப்போச்சு" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் இருந்தது. ஒரு ஆண்பிள்ளையின் குரலை நான் எங்கே போய்க் கொண்டு வருவது? ஆனால் அவள் விடவில்லை. வாரத்தில் ஒரு நாளாவது கேட்பாள். ஒவ்வொரு முறையும் எங்காவது ஒரு இடத்தில் திருத்துவாள். திருத்தும்போது அவள் கண் ஓரமாகப் போகும். அவர் குரல் அவளுக்கு அங்கே கேட்கிறது என்று எனக்குத் தெரியும். என் தப்பைக் கேட்டுத்தான் அவள் சரியானதைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அக்கா வேலையை விட்டுவிட்டு மணவாளக்குறிச்சிப் பக்கம் தம்பி வீட்டோடு இருக்கிறாள். கம்பெனி மெயிலை நான்தான் பார்க்கிறேன். அதற்கென்று நாகர்கோவிலில் போய்ப் படித்தேன். போனைத் தொலைத்தவர்கள் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த இங்கிலீஷ் சொல்லை நான் வாயில் எடுப்பதே இல்லை. "முழுசும் அழிஞ்சு போவும், அழிச்சிரட்டா?" என்று கேட்பேன். அவர்கள் சரி என்ற பிறகும், "அதுல ஆருக்க குரலும் இருக்கா?" என்று கேட்பேன். பையன்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அக்கா அவ்வப்போது கூப்பிடுவாள். முதலில் பருப்பு விலை கேட்பாள், அப்புறம் பையர்களைப் பற்றி. கடைசியில் தயங்கித் தயங்கி, "ஒருக்கா சொல்லேன் மக்கா" என்பாள். இந்த மழைக்காலத்தில் ஒருநாள் அவள் கூப்பிட்டபோது சர்வர் நின்றுபோய் எல்லோரும் என் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவசரத்தில், என் குரலிலேயே, இழுக்காமல், ஒரு சிரிப்பும் இல்லாமல் "மழை கிட்டிச்சு பிள்ளே" என்று ஒப்பித்துவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் திருத்தட்டும், சரியாகச் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

"ஆமா மக்கா" என்றாள் அக்கா. "இப்பிடியேதான் சொல்லுவாவ."