சித்தப்பாவின் மூன்று நற்குணங்கள்

பினாங்கில் நான் படித்த ஆங்கிலப் பள்ளியில் மூன்று பேருக்கு ஒரு நாவல்தான் கிடைத்தது. முறை வைத்துப் படிக்கப் பொறுமையில்லாமல், தையலைப் பிரித்து மூன்று துண்டாக்கி ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம். எனக்கு நடுத்துண்டு. அதில் கதாநாயகனின் சித்தப்பா தங்கமான மனிதர். ஆகவே, நாவலைப் பற்றி எழுத வேண்டிய கட்டுரையின் திட்டத்தில் முன்னுரை, சித்தப்பாவின் அன்பு, ஈகை, பொறுமை, முடிவுரை என்று எழுதிக் கொடுத்தேன். மாஸ்டர் சிவப்பு மையில் கையெழுத்திட்டார். கையெழுத்து விழுந்த திட்டத்தில் ஒரு தலைப்பைக்கூட மாற்றக் கூடாது என்பது அவர் சட்டம். கட்டுரை தேறாவிட்டால் பெரிய பரீட்சைக்கு என் பெயர் போகாது.

வகுப்பில் எழுத உட்கார்ந்தபோது, கடைசித் துண்டைப் படித்த நண்பன் என் திட்டத்தை எட்டிப் பார்த்தான்.

“டேய், அந்தச் சித்தப்பாதான்டா கொலைகாரன்! சொந்த அண்ணனுக்கே விஷம் வச்சவன் லா!”

“முன்னாடியே சொல்லக் கூடாதாடா?”

“நீ கேட்டியா?”

மாஸ்டர் வாசலை அடைத்து நாற்காலி போட்டிருந்தார். சன்னலில் கம்பி. வேறு வழியில்லாமல், நண்பன் காதில் ஓதிய விவரங்களை வைத்து எழுதினேன். அண்ணனுக்குக் கசக்காதபடி விஷத்தில் தேன் கலந்தது அன்பு. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் கொடுத்தது ஈகை. அதற்காகப் பத்தாண்டு காத்திருந்தது பொறுமை.

மாஸ்டர் படித்தார். மீசை துடித்தது.

“கொலைகாரனுக்கு வக்கீலாடா நீ? சரி, பாஸ். உன் பேரு பரீட்சைக்குப் போகும். இவ்ளோ ஆழமா படிச்சவன் நீதான். வெள்ளிக்கிழமை முழுக் கதையையும் வகுப்புக்கு நீயே சொல்லு.”

எனக்குத் தெரிந்தது நடுக்கதையும் நண்பன் ஓதிய கொலையும் மட்டும்தான் என்று சொன்னால் பாஸ் போய்விடும். தலையை ஆட்டிவைத்தேன்.