ஏறாத எடையும் எட்டாத வேட்டியும்

ஆரியசாலைக் கடைத்தெருவில் வெல்லமும் பருப்பும் மொத்த வியாபாரம் செய்யும் பால்பாண்டிக்கு ஒரு பெருமை. ஆவணி பிறந்தால் கடையில் மூட்டை நிறுக்கும் தராசில் தானே ஏறி நிற்பார். கல்யாணத்தின்போது இருந்த அதே எடை. "பாத்தியா, ஈர்க்குச்சி!" என்று கையை நீட்டிக் காட்டி, மனைவி செல்லபாயின் பருமனைக் கிண்டலடிப்பார். அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். சிரித்து வைப்பாள்.

இந்த ஆவணிக்கு வாங்கிய வேட்டி எட்டவில்லை. இடுப்பைத் தாண்ட வேண்டிய முனை தொப்புளிலேயே நின்றுவிட்டது. "துணியில அளவைக் குறைச்சிட்டான், கள்ளப்பய!" என்று ஜவுளிக்கடையில் போய்க் கத்திவிட்டு வந்தார். செல்லபாய் அதைப் பழைய வேட்டியோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். ஒரே நீளம். திரும்பி அவர் வயிற்றைப் பார்த்தாள். கையும் காலும் வற்றிக்கொண்டே போகிற மனுஷனுக்கு வயிறு மட்டும் எப்போது வந்தது?

மறுநாள் அதே புது வேட்டியோடு கடைப் பரணுக்கு ஏணியில் ஏறியவர் பாதியில் நின்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வேர்வை கொட்டியது. அப்போதும் அந்த மனுஷன் நேரே போய் ஏறியது தராசில்தான்.

"அதே எடைதான். இது வாயு, கேட்டியா."

"தராசு கெடக்கட்டும்! ஆட்டோல ஏறுங்க!" கடைக்குச் சோறு கொண்டுவந்திருந்த செல்லபாய் அவரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி, ஸ்கேன் என்று ஓடினார்கள். கையெழுத்து வாங்க வந்த டாக்டர் ஆர்யா அவசரமாகச் சொன்னாள். "ஆளு மெலிஞ்சதுதான். கொழுப்பு முழுக்க உள்ள, கல்லீரலச் சுத்தி, குடலச் சுத்தி. இதயத்தோட ரத்தக்குழாய் மேலயும் உண்டு. அது சும்மா கெடக்காது அம்மா, குழாயோட சுவரைப் புண்ணாக்கும். பின்ன அடைப்புதான்." சதை கரைந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்ததால் தராசு முள் அசையவில்லையாம்.

அடைப்பை எடுக்க அவரை உள்ளே கொண்டுபோய்க் கதவை மூடினார்கள். அவர் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்த அந்த வேட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செல்லபாய் வெளியே நின்றாள். பயத்தைவிடக் கோபம்தான் பொங்கியது. பருமனைப் பார்த்துப் பத்தியம் சொல்ல ஊருக்கே அவள்தான் கிடைத்தாள். ஒல்லிக் கையைப் பார்த்து அவரிடம் ஒருத்தரும் ரத்தம் பரிசோதிக்கச் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லையே! உள்ளேயிருந்து யாரோ ஓடிவந்து, எதையோ வாங்கிக்கொண்டு மறுபடி ஓடினார்கள். அவள் கதவருகே நகர்ந்து நின்றாள்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. அடைப்பை எடுத்தாச்சு என்றார்கள். பால்பாண்டி உதட்டை அசைத்தார். அவள் குனிந்தாள்.

"அந்த ஜவுளிக்கடைக்காரன... சும்மா ஏசிட்டேன்."

"மொதல்ல எந்திரிச்சு வந்து இதைக் கட்டுங்க," என்றாள் செல்லபாய். "எட்டலேன்னாலும் கட்டுங்க. அந்தக் கடைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."