ஒரே உதையில் கிளம்பிய வண்டி

இதைக் கேட்டால் தூக்கக் கலக்கம் என்பீர்கள். அப்போது நான் சரியாகத் தூங்கவில்லை என்பது நிஜம்தான். ஆனால் நடந்ததும் நிஜம். என் மனைவியும் பார்த்தாள்.

ரொட்டித் தொழிற்சாலையில் எனக்கு விடிகாலை ஷிப்ட். வீட்டில் கைக்குழந்தை. இரவெல்லாம் அழும். நானும் மனைவியும் மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடப்போம். கண் அசரும் நேரத்தில் அலாரம் அடிக்கும். வேலைக்குப் போய்வரப் பழைய பைக் ஒன்று வாங்கியிருந்தேன். கார்பரேட்டர் வைத்த அந்தக் காலத்து வண்டி. விற்றவர் வயதான எலெக்ட்ரீஷியன்.

பகலில் சமர்த்தாகக் கிளம்பும். குளிர்ந்த காலையில் மட்டும் சண்டித்தனம். சோக்கை இழுத்துவிட்டு, கால் மரத்துப்போகும்வரை உதைப்பேன். ஒரு முறை இருமிவிட்டு அடங்கிவிடும். பிளக்கைத் துடைத்தேன். புது பிளக்கே போட்டேன். ம்ஹூம். இரண்டு தடவை லேட்டாகப் போனேன். "இன்னொரு தடவை இப்படி வந்தா, வீட்டுலயே இருந்துக்கோ" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

வேறு வழி? கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுவேன். தாவி ஏறி கிளட்சை விட்டால் கிளம்பிவிடும். எங்கள் தெரு கொஞ்சம் மேடு. முதல் நாள் நாக்குத் தள்ளிவிட்டது.

அடுத்த நாள்... வண்டி லேசாக இருந்தது. பழகிவிட்டது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். யோசிக்கத் தெம்பில்லை.

ஆனால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்பக்கம் 'தொம்' என்று அமுங்கியது. இரண்டு பேர் உட்கார்ந்த மாதிரி.

ஒரு நாள் குழந்தையைத் தட்டிக்கொண்டே மனைவி கேட்டாள்.

"காலையில யாரைக் கூட்டிட்டுப் போனீங்க?"

"யாரையும் இல்லியே."

"ஜன்னல்ல பாத்தேன். ஒரு அம்மா வண்டியத் தள்ளிவிட்டாங்க. அப்புறம் ஓடிவந்து உங்க பின்னாடி ஏறிக்கிட்டாங்க."

"தூக்கத்துல பாத்திருப்ப."

"எனக்கு ஏதுங்க தூக்கம்?"

சண்டை போடக்கூட எங்களுக்குச் சக்தியில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை மெக்கானிக்கிடம் விட்டேன். கார்பரேட்டரைப் பிரித்து, ஒரு சின்னப் பித்தளைத் துண்டைக் கழற்றினார். நடுவில் மயிரிழை அளவுக்குத் துளை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பெட்ரோல் வர்ற ஸ்லோ ஜெட் அடைச்சிருக்கு. குளிர்ல எப்படிக் கிளம்பும்? இனிமே பாருங்க, ஒரே கிக்கு."

சுத்தம் செய்து மாட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலை மணி 4:40. நல்ல பனி. சோக்கை இழுத்தேன். ஒரே உதை. கிளம்பிவிட்டது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. கியரைப் போட்டு நகர்ந்தேன்.

பின்னால் ஒரு சத்தம்.

சட்... சட்... சட்...

செருப்புச் சத்தம். யாரோ ஓடி வருகிறார்கள்.

கண்ணாடியில் பார்த்தேன். தெரு காலி.

வேகத்தைக் கூட்டினேன். சத்தமும் கூடியது. மூச்சிரைப்பு... என் காதுக்குப் பக்கத்தில்.

"நில்லுங்க..."

தெருமுனை வந்தது.

சத்தம் நின்றது.

தொழிற்சாலைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. விடிந்ததும் எலெக்ட்ரீஷியனுக்கு போன் போட்டேன்.

"வண்டி எப்படிப்பா ஓடுது?"

"இன்னிக்கு ஒரே உதையில கிளம்பிடுச்சுங்க."

"சரி பண்ணிட்டியா..." என்றார். "நான் வேணும்னேதான் சரி பண்ணாம வச்சிருந்தேன். என் வீட்டுக்காரிதான் தினமும் தள்ளிவிடுவா. கிளம்பினதும் ஓடிவந்து பின்னாடி ஏறிக்குவா. ஒரு நாள் ஏறிட்டான்னு நெனச்சுப் போயிட்டேன்பா. பின்னாலயே ஓடி வந்திருக்கா. எனக்குக் கேக்கல. தெருமுனையில லாரி... அதுக்கப்புறமும் தள்ளிவிட வந்துட்டுதான் இருந்தா."

காலையில் கேட்ட சத்தத்தைப் பற்றி நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரே சொன்னார்.

"நாளைக்குக் கிளப்பிட்டு, ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போப்பா. அவளால ரொம்ப தூரம் ஓட முடியாது."