முதுகு காட்டாதவள்

"பையைத் திறங்க. அந்தச் சின்னப் பையையும்."

நடை முடிந்து கரையேறுகிறவர்களை மூத்தவள் இப்படித்தான் மறிப்பாள். பார்த்துவிட்டு விடுகிற ஆளில்லை. கையை உள்ளே விட்டுத் துழாவுவாள். கைக்குட்டை, சாவி, நமுத்துப்போன பிஸ்கட், அதற்கடியில் ஒரு சங்கு.

"காலிச் சங்குதாங்க" என்று இளிப்பார் மாட்டிக்கொண்டவர்.

"உள்ள நண்டு இருக்கு. உங்க மூஞ்சியைப் பார்த்தா நானும்தான் கதவைச் சாத்திக்குவேன்."

சங்கு தண்ணீருக்குத் திரும்பும். தீவுக்கு வருகிறவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் சோதனைச் சாவடி.

கடல் உள்வாங்கும்போது தீவின் ஓரத்தில் பாறையும் பாசியும் குட்டையுமாக ஒரு பாதை வெளியே வரும். அதில் ஆட்களைக் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டி, தண்ணீர் ஏறுவதற்குள் கரை சேர்ப்பது சுற்றுலா ஆபீஸில் அவளுக்குக் கொடுத்திருக்கும் வேலை. முன்னால் நடப்பவள் அவளுடைய ஓரகத்தி, இளையவள். வாய் திறந்தால் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும். மூத்தவள் எப்போதும் கடைசி.

காரணம் உண்டு. பாதைக்கும் கரைக்கும் நடுவே ஒரு பள்ளம். எல்லாரும் எதிரே அலையைப் பார்த்துக்கொண்டு நிற்க, கடல் சத்தமில்லாமல் சுற்றிவந்து முதலில் அந்தப் பள்ளத்தைத்தான் நிரப்பும். "எதிர்ல வர்ற அலை யோக்கியன். பின்னால வருது பாரு, அதுதான் திருடன்" என்பாள். பள்ளத்தில் தண்ணீர் மினுங்கியதும், "நம்பாதே!" என்று ஒரு கத்தல். "திரும்புங்கன்னா, இன்னும் ஒரே ஒரு போட்டோன்னு கெஞ்சுவாங்க. நம்பாதேன்னா எதைன்னு தெரியாமலே ஓடி வருவாங்க."

கடலுக்கு மட்டுமில்லை, யாருக்குமே அவள் முதுகு காட்டுவதில்லை. டீக்கடையில் சுவரோரம், பஸ்ஸில் கடைசி இருக்கை. வீட்டில் அடுப்பைக்கூட வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறாள். "கல்யாணப் போட்டோவிலயும் பல்லி மாதிரி சுவத்தோட ஒட்டிக்கிட்டுத்தான் நிக்கிறா" என்பார் அவள் புருஷன்.

சந்தேகம் தொற்றிக்கொள்கிற வியாதி போலும். கொஞ்ச நாளாக இளையவளுக்கு மூத்தவள் மேலேயே ஒரு சந்தேகம். முன்பெல்லாம், "ஏய் சிவப்புச் சட்டை, வழுக்கும்!" என்று தூரத்திலிருந்தே அதட்டுவாள். இப்போது, "அங்க சிரிக்கிற ஆளு" என்கிறாள். டம்ளரை எடுக்குமுன் விரலால் விளிம்பைத் தேடுகிறாள். துழாவும் கை மட்டும் முன்னைவிட நெடுநேரம் துழாவுகிறது. இப்படி வேவு பார்ப்பது இளையவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் பார்த்தாள்.

அன்றைக்குக் காற்றே இல்லை. ஒரு குட்டையில் நட்சத்திர மீனைக் கண்டு கூட்டம் குனிந்திருந்தது. இளையவள் தற்செயலாக நிமிர்ந்தாள். பள்ளம் முழுக்கத் தண்ணீர் பளபளத்தது. மூத்தவள் அதற்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். கத்தவில்லை.

"நம்பாதே!"

அந்தக் குரல் தன்னுடையது என்று இளையவளுக்கே நம்ப முடியவில்லை. முழங்கால் தண்ணீரில் எல்லாரையும் கையைப் பிடித்து இழுத்து வந்து சேர்த்தாள். ஒரு பெரியவருடைய செருப்போடு போயிற்று. கரையில் மூத்தவள் வழக்கம்போலப் பைகளைத் துழாவினாள்.

குழாயடியில் கால் கழுவும்போது ஆரம்பித்தாள்.

"யாருடி என் குரல்ல கத்தினது?"

"நான்தான்க்கா."

"தண்ணி வந்தது எனக்குத் தெரியாதா? பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"சரிக்கா."

"என்ன சரி? ஆபீஸ்ல போய் ஓதப் போறியா? என்னை வீட்ல உட்கார வெச்சுட்டு நீ ராணியாட்டம் நடக்கலாம்னு பார்க்கிறியா?"

சொன்னால் மூத்தவளுக்கு இருக்கிற ஒரே வேலை போய்விடும். சொல்லாவிட்டால் அடுத்த தடவை செருப்போடு போகாது. இளையவள் குதிகாலில் இல்லாத சேற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"நாளையிலேருந்து நான் பின்னால வரேன்க்கா. நீங்க முன்னால போங்க. பாதை உங்க காலுக்குத் தெரியும். எனக்கு முன்னால நின்னு பேச வெட்கமா இருக்கு."

"இத்தனை வருஷமா இல்லாத வெட்கமா?"

"இருந்துச்சு. நீங்க கேட்கல."

மூத்தவள் அடுத்த காலைக் குழாயடியில் நீட்டினாள்.

"கண் டாக்டரையும் பார்த்துடுவோம்க்கா."

"அவன் இல்லாத நோயெல்லாம் சொல்லுவான்."

"வரலேன்னா ஆபீஸ்ல சொல்லத்தான் வேணும்."

"ஊமையா இருந்துக்கிட்டு என்னா வேலை பண்றா பாரு!" என்றாள் மூத்தவள் குழாயிடம். இளையவள் குழாயை மூடினாள்.

மறுநாள் படிக்கட்டில் ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மூத்தவள் பழக்கதோஷத்தில் சுவரோரமாகவே நின்றாள். கடைசியில் இளையவளும் அவளும்தான் மிச்சம். இருவரில் யாரும் நகரவில்லை. கீழே யாரோ, "இன்னிக்கு நடை உண்டா இல்லையா?" என்று கேட்டார்கள்.

"முதுகுக்குப் பின்னால பழிப்புக் காட்டினே, தெரிஞ்சிடும்" என்றாள் மூத்தவள்.

பிறகு சுவரை விட்டு விலகி, கூட்டத்தைத் தோளால் இடித்துக்கொண்டு முன்னால் போனாள். தினமும் போடுகிற அந்தப் பழுப்பு மழைக்கோட்டின் முதுகில் நீலத்துணியில் ஓர் ஒட்டு, கோணல்மாணலான தையல். இளையவள் அதை இதுவரை பார்த்ததில்லை. நீல ஒட்டு பாறைகளுக்கிடையே ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. மூத்தவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.